முகம் பார்த்துச் சொன்னவர்

போன தை மாதம் அவர் இறந்தபோது, பெருமாநல்லூரில் அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “ஒருத்தரு மனசு நோக ஒரு வார்த்த பேசாத மனுசனுங்க.” கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள், டீக்கடைக்காரர் சொன்னார், அவரிடம் மிக்ஸி ரிப்பேர் செய்துகொண்ட பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்கள். நான் மாலையைப் போட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எழவு வீட்டில் என்னால் ஒரு சண்டை வந்திருக்கும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

என் அப்பா சாகும்போது பக்கத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று இந்த உலகத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வந்து சொன்ன அந்தப் பேச்சின்மேல்தான் என் குடும்பமே நின்றது. அதை எனக்குக் கொடுத்தவரும் அவர்தான். பிற்பாடு ஒரு ஃப்ரிட்ஜை வைத்து என்னிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டவரும் அவர்தான்.

திருப்பூரில், பனியன் துணி பின்னுகிற எங்கள் நிட்டிங் கம்பெனியில் அவர் எலெக்ட்ரீஷியன். மெஷின் மோட்டாரிலிருந்து ஆபீஸ் ஏசி வரை அவர் கைதான். வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ், கிரைண்டரும் பார்ப்பார். எக்ஸ்போர்ட்டில் கழித்த டீசர்ட்டுகளைத்தான் போட்டுக்கொள்வார். நெஞ்சில் ஏதாவது ஒரு வெளிநாட்டு ஊர்ப் பெயர் இருக்கும். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் கட்டிங் வேஸ்ட் துணி சுருட்டி வைத்திருப்பார், பனியன் கழுத்துக்கு வைக்கிற இழுவைத் துணியின் நாடா நாடாவான துண்டுகள். ஒயரைக் கட்டுவது அதில்தான், அறுந்த செருப்பைக் கட்டுவது அதில்தான், சாப்பாட்டுத் தூக்கின் மூடியைக் கட்டுவதும் அதில்தான். இன்சுலேஷன் டேப் சுற்றி, அதன்மேல் அந்தத் துணியைச் சுற்றி, பூ முடிபோல ஒரு முடிச்சுப் போடுவார். எந்தக் கம்பெனியில் அந்த முடிச்சைப் பார்த்தாலும் இது அவர் வேலை என்று சொல்லிவிடலாம்.

ஒரு கேள்வி கேட்டால் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். முதலில் கேட்டவர் முகத்தைப் பார்ப்பார். நல்லா, நிதானமாகப் பார்ப்பார். அந்த முகத்துக்கு என்ன பதில் வேண்டுமோ அதைச் சொல்வார். “ஆயிருமுங்க” என்பதுதான் அவர் வாயில் அதிகம் வரும் சொல். அதைச் சொல்லியும் எதிரில் இருப்பவர் முகம் தெளியவில்லை என்றால், கீரைக்காரி கொசுறு போடுவதுபோல மேலே இன்னொன்றைச் சேர்ப்பார். “ஆயிருமுங்க. முன்னக்காட்டியும் ஜோரா ஓடுமுங்க.” முகம் மலரும் வரைக்கும் கொசுறு நிற்காது.

அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். “அவங்கிட்டப் போயி மழ வருமான்னு கேக்காதீங்கடா. நீ துணி காயப்போட்டிருக்கியா, வெத வெதச்சிருக்கியான்னு பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவான்” என்று அப்பா கம்பெனியே சிரிக்கச் சொல்வார். அவரும் கூடவே சிரிப்பார். மறுப்பதுகூட ஒருவர் மனதை நோகடித்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் காலேஜில் ஒரு வருஷம் எல்லாப் பேப்பரிலும் கோட்டை விட்டேன். ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்குள் போகப் பயந்து, கம்பெனி ஜெனரேட்டர் ரூம் பக்கம் நின்றிருந்தேன். அவர் வந்து என் முகத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இங்க நின்னுட்டீங்க?”

“எங்கய்யன் கோவமா இருக்காருங்களாண்ணா?”

“ச்சேச்சே. கோவமே இல்லீங்க. சும்மா உள்ள போங்க.” என் முகம் தெளியவில்லை போலிருக்கிறது. “தம்பிக்கு ஒரு பைக்கு வாங்கித் தரோணும்னு கூடப் பேசிட்டு இருந்தாருங்க.”

நான் துள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அப்பா கையில் பெல்ட் இருந்தது. மெஷினுக்குப் போடுகிற பெல்ட். அடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் டீயோடு நின்றிருந்தார். “இன்னைக்கு அடி கம்மிதானுங்க தம்பி” என்றார். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. எங்கள் நிட்டிங்கில் பீகார்க்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. ஊரில் இருந்த மகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அந்தப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டிருந்தாள், வேறு படம் கிடையாது. அவர் அந்தப் போனைக் கொண்டுவந்து இவரிடம் கொடுத்தார். இவர் அவர் முகத்தைப் பார்த்தார். “ஹோ ஜாயேகா பாய்” என்று ‘ஆயிருமுங்க’வை இந்தியில் சொன்னார். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து நிற்பார். “அகலே ஹஃப்தே”, அடுத்த வாரம் என்று இவர் சொல்வார். ஒரு தடவை, “போட்டோ சப் ஆயேகா, வீடியோ பீ ஆயேகா” என்று, வீடியோவையும் சேர்த்துக் கொசுறும் போட்டார். போன் செத்தது செத்ததுதான் என்று இவருக்கு முதல் நாளே தெரியும். அந்த ஆள் கடைசியில் ஊருக்கே திரும்பிப் போனார். போகிற அன்றும் “சரியானதும் கொரியர்ல அனுப்பறேன்” என்று சொல்லித்தான் இவர் அனுப்பினார். ‘பாவம், நல்ல மனுசன், சொல்ல மனசு வரவில்லை’ என்றுதான் அப்போது நினைத்தேன். அந்தப் பீகார்க்காரர் இன்னும் கொரியருக்குக் காத்திருக்கிறாரோ என்று இப்போது நினைக்கிறேன்.

என் கல்யாணம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பெண் தூத்துக்குடிப் பக்கம். பிழைப்புக்கு வந்த குடும்பம், எங்கள் கம்பெனியில் துணியில் பழுது பார்க்கிற செக்கிங்கில் இருந்தவள். ஜாதி வேறு, ஊர் வேறு, மீன் தின்கிற வீடு. அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டார். நாங்கள் நெருப்பெரிச்சலில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிபோனோம். அப்பாவின் வண்டி எதிரே வந்தால் நான் ஓரம் கட்டி நிற்பேன். அவர் பார்க்காமல் போய்விடுவார். அவர் ஒரு தடவை திட்டிவிட்டாலும் போதும் என்றிருந்தது எனக்கு.

ஒரு மத்தியானம், கரண்டு போய் மெஷின் எல்லாம் நின்றிருந்த நேரம், அப்பா கம்பெனிக்குள் துணி ரோல்மேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் எல்லாம் வெளியே சாப்பிடப் போயிருந்தார்கள். பேனல் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்த இவர் மட்டும்தான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்து, தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

செத்த சேதி கேட்டு, நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். வாசலில் பெரியப்பா கையை நீட்டி மறித்தார். “நீ உள்ள வா. அந்தப் புள்ள வெளியவே நிக்கட்டும்.” அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து எங்களை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கல்லாக இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இவர் எழுந்து வந்தார். அப்பாவுக்குக் கொடுத்த தண்ணீர் சிந்தி அவர் டீசர்ட் இன்னும் நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தார். என் மனைவி முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

“அய்யன் கடைசியாப் பேசுனது ஏங்கிட்டத்தானுங்க. ‘பையன வரச்சொல்லு, அந்தப் புள்ளையும் நம்ம புள்ளதான்’னு சொன்னாருங்க.”

அம்மாவின் முகம் அசையவில்லை.

“‘அவ கையால ஊட்டுல வெளக்கேத்தோணும்’னுஞ் சொன்னாருங்க.”

அம்மா ஓவென்று அழுதுகொண்டே எழுந்து வந்து என் மனைவியின் கையைப் பிடித்தாள். “உள்ள வா கண்ணு” என்றாள். பெரியப்பா கையை இறக்கிக்கொண்டார். செத்தவர் வார்த்தைக்கு எதிராக யார் பேசுவது? அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் விளக்கேற்றியவள் என் மனைவிதான். அன்றிலிருந்து தினமும் அவள்தான் ஏற்றுகிறாள். அப்பா திதிக்கு அவருக்குப் பிடித்த பச்சைப்பயறு கடைசலை அவளே கற்றுக்கொண்டு செய்தாள். அம்மா சாகும்வரை அவளைக் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிட்டாள். எனக்கோ, அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்ற ஒன்றைத் தவிர வேறு சொத்து எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. மனசு சரியில்லாத நாளில் எல்லாம் அந்த வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இவரை என் மனைவி கூடப்பிறந்த அண்ணனாகவே நினைத்தாள். அவர் வீட்டுக்கு வந்தால் முதல் தோசை அவருக்குத்தான்.

காலம் போனது. மகளைக் கட்டிக்கொடுத்தோம். கம்பெனியை வாடகைக்கு விட்டேன். மூலனூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வேலைக்குப் பெண்களை ஏற்றிவந்த பழைய வேன் ஒன்று ஷெட்டில் சும்மா நின்றது. சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற கேரவன் மாதிரி அதை மாற்றி, ஊர் ஊராகப் போக வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. என் மனைவிக்கு ஒரே ஓர் ஆசைதான். பிறந்த ஊரில், கடலைப் பார்த்துக்கொண்டு, ஒரு மாசம் இருக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பாரமாக இருக்க அவளுக்குப் பிடிக்காது. வண்டியே வீடாக இருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை.

அவளுக்குச் சர்க்கரை உண்டு. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவள். மருந்து குளிரில் இருந்தே ஆக வேண்டும். அதனால் வண்டியில் முதலில் வேண்டியது ஃப்ரிட்ஜ். வண்டிக்கென்றே பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டிகள் இருக்கின்றன, அதில் ஒன்றை வாங்கலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “டப்பா மாதிரி இருக்கதுல எதை வைக்க? நம்ம வீட்டு ஃப்ரிட்ஜே இருக்கட்டும். மருந்தும் வைக்கணும், மாவும் வைக்கணும்லா” என்றாள். வீட்டு ஃப்ரிட்ஜ் வண்டியில் ஓடுமா என்று எனக்குச் சந்தேகம். இவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஆயிருமுங்க அம்மிணி.”

ஃப்ரிட்ஜ் வேன் கதவுக்குள் நுழையவில்லை. பின்கண்ணாடியைக் கழற்றி, கயிறு கட்டி, தையல் மெஷின் ஓட்டுகிற பவர் டேபிள்காரப் பையன்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு உள்ளே இறக்கினோம். தரையில் இரும்பு ஆங்கிள் அடித்து அதை நிறுத்தினார். குலுங்காமல் இருக்கச் சுற்றிலும் மூட்டை மூட்டையாகக் கட்டிங் வேஸ்ட்டை அடைத்தார். திருப்பூரில் எந்தச் சந்துபொந்தும் அதால்தான் அடைபடும், தலையணையிலிருந்து கதவிடுக்குவரை. பின்பக்கம் மட்டும் காற்றோட்டத்துக்கு இடம் விட்டு, ஒரு பலகையை வைத்து மூடினார். கதவு திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு கொக்கி போட்டார். வீட்டில் சும்மா கிடந்த இன்வெர்ட்டரையும் இரண்டு பேட்டரிகளையும் சீட்டுக்கு அடியில் பொருத்தினார்.

ஓட்டிப் பார்த்த அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் உறுமிக் கிளம்பும்போதெல்லாம் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. மறுபடி போட்டார், மறுபடி நின்றது. அதற்குள் என் மனைவி வண்டிக்குள் ஏறி, சம்படம், தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கிவிட்டு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரையும் கட்டிவிட்டாள். இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க போயிச் சாப்புட்டு வாங்க தம்பி. நா ஒரு கை பாக்கறன்” என்றார்.

சாயங்காலம் கூப்பிட்டார். போனோம். வண்டியில் வெளிக்கரண்டு எதுவும் இல்லை. என் மனைவி ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்தது. பின்னாலிருந்து ‘ஊம்’ என்று சத்தம் வந்தது. அவள் கைதட்டிச் சிரித்தாள். நேராக வீட்டுக்குப் போய் இன்சுலின் பெட்டியைக் கொண்டுவந்து கதவுத் தட்டில் முதல் பொருளாக வைத்தாள்.

“வண்டி ஓடறப்ப அடிக்கடி தொறக்காதீங்க அம்மிணி. குளுரு போயிரும். நிக்கற எடத்துல கரண்டு கெடச்சா ஒயரு மாட்டி உட்ருங்க, பேட்டரி தெம்பா இருக்கும்” என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து, “ஐஸே கட்டுமுங்க” என்றார்.

அந்தக் கொசுறு என் காதில் விழுந்தது. விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை.

சித்திரை வெயிலில் கிளம்பினோம். அவசரமில்லாமல் போவதுதான் திட்டம். மூலனூரில் அவளோடு செக்கிங்கில் இருந்த ஒரு சிநேகிதி, கட்டு முருங்கைக்காயை மடியில் போட்டு அனுப்பினாள். முதல் ராத்திரி ஒரு பெட்ரோல் பங்கில் கரண்டு கொடுத்தார்கள், காலையில் எல்லாம் ஜில்லென்று இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் கரண்டு தேடவே இல்லை. தேடுவானேன்? கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது, பின்னால் உறுமுகிறது. குளத்துக் கரையிலும் புளியமரத்தடியிலும் நிறுத்தித் தூங்கினோம். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

“என்னங்க, தண்ணி சில்லுன்னே இல்லியே?”

“நீ சும்மா தொறந்து தொறந்து பாத்தா எப்புடி சில்லுன்னு இருக்கும்? அண்ணன் சொன்னாருல்ல.”

தயிர் புளித்தது, வெயிலைத் திட்டினோம். மாவு பொங்கி வழிந்தது, குலுக்கலைத் திட்டினோம். எங்களையே திட்டிக்கொண்டோம். அவர்மேல் சந்தேகம் வரவில்லை. அவளுக்குத் தாகம் எடுத்துக்கொண்டே இருந்தது. சோர்ந்து சோர்ந்து படுத்தாள். தவறாமல் ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தாள், அதனால் சர்க்கரையாக இருக்காது, வெயில்தான் என்று நினைத்தோம். எட்டயபுரம் தாண்டியதும், “காத்துல உப்பு வாசம் வருது பாத்தீகளா” என்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் பேச்சு குழறியது. வாந்தி எடுத்தாள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

அவள் ஊருக்கு அரைமணி ஓட்டம்கூட இல்லை. நான் வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன்.

டாக்டரம்மா அவள் போடும் மருந்தைக் கொண்டுவரச் சொன்னார். ஓடிப்போய் எடுத்து வந்தேன். அவர் அதைக் கையில் வாங்கியதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இதை எங்க வச்சிருந்தீங்க?”

“ஃப்ரிட்ஜுலங்க.”

“ஃப்ரிட்ஜ்லயா? தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். கொதிக்கிற வெயிலில் நிறுத்திய வண்டிச் சீட்டைப்போல இருந்தது. மருந்து கெட்டுப் போயிருந்தது, வெறும் தண்ணீரைத்தான் இத்தனை நாளாக ஏற்றியிருக்கிறீர்கள் என்றார்.

ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் நின்ற வண்டிக்குள் போனேன். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. உள்ளே கையை விட்டால் அடுப்படி மாதிரி அனல். பின்னால் ‘ஊம்’ என்றது. பலகையைப் பிடுங்கி எறிந்தேன். கம்ப்ரஸரைத் தொட்டேன், அசைவே இல்லை. அதற்கு மேலே, கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, அந்த மாதிரி ஒரு சின்ன ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதுதான் உறுமியது. அதிலிருந்து ஒரு ஒயர், உள்விளக்குக்கு மாட்டிய பேட்டரி பல்பிலிருந்து ஒரு ஒயர், இரண்டும் சேர்ந்து நேரே பேட்டரிக்குப் போயிருந்தன. சேர்ந்த இடத்தில் கருப்பு டேப்பு. அதன்மேல் வெள்ளை இழுவைத் துணி. அதில் பூ முடிபோல அந்த முடிச்சு.

கட்டிங் வேஸ்ட் மூட்டைகள்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்கிறோமே, அதைச் சிரித்த முகத்தோடு, ‘அம்மிணி’ என்று கூப்பிட்டுக்கொண்டே செய்ய முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. எதிரி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் பழைய ஆளாகத் திரும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள், பார்வையும் மங்கிவிட்டது. கடலைப் பார்க்காமலே ஊர் திரும்பினோம். அப்புறம் ஒருநாளும் அவள் எங்கேயும் போகலாம் என்று சொன்னதில்லை.

திரும்பி வந்த வாரம் அவர் வீட்டுக்கு வந்தார். கையில் இளநீர். நான் வாசலிலேயே நிறுத்தினேன்.

“ஏனுங்ணா, அது ஓடாதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுந்தானுங்க?”

என் முகத்தைப் பார்த்தார். “தெரியுமுங்க தம்பி.”

“அப்பறம் எதுக்குங்க வெளக்கையும் ஃபேனையும் மாட்டி உட்டீங்க?”

“அம்மிணி தட்டு டம்ளரெல்லாம் அடுக்கி வெச்சுட்டு நின்னுச்சுங்க. தெரையெல்லாங் கட்டீருச்சுங்க. அந்த மொகத்தப் பாத்து ஓடாதுன்னு எப்புடிங்க சொல்றது? ராத்திரி கரண்டு குடுத்தீங்கன்னா அந்தக் குளுரே பகலுக்கும் தாங்கீருமுன்னு நெனச்சனுங்க.”

“அதுல இருந்தது மருந்துங்ணா. அவ உசுருங்க. உசுரக்காட்டியும் மொகம் பெருசாப் போச்சுங்களா உங்களுக்கு?”

அவர் அழுதார். குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகையில் பொய் இல்லை. அவர் எதிலும் பொய்யாக இருந்தவர் இல்லை, வாய் ஒன்றைத் தவிர. சத்தம் கேட்டு என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து எனக்குப் பின்னால் நிலைப்படியில் நின்றாள். “அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள்.

எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் அந்த முடிச்சைப் பார்த்த நேரத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. கேட்காதே, கேட்காதே என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டேன்.

“இன்னொண்ணு கேக்கறன். இதுக்கு மட்டும் ஏ மொகத்தப் பாக்காமப் பதில் சொல்லுங்க. எங்கய்யன் அன்னைக்கு நெசமாவே அப்புடிச் சொன்னாருங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னதை மதித்து, தரையைத்தான் பார்த்தார். அவர் வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு அவ்வளவு நேரம் தரையைப் பார்த்து நின்றது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். பிறகு தலை நிமிர்ந்தது. என் முகத்தைப் பார்த்தார். என் தோளுக்கு மேலே அவள் முகத்தைப் பார்த்தார்.

“சொன்னாருங்க தம்பி. சத்தியமாச் சொன்னாருங்க.”

நிறுத்திக்கொள்ளுங்கள் அண்ணா, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். இதோடு விட்டால் நான் எப்படியாவது நம்பிவிடுவேன். இத்தனை வருஷம் நம்பியாயிற்று, இனியும் நம்பிக்கொள்வேன். ஒன்றும் சேர்க்காதீர்கள்.

என் முகம் தெளியவில்லை போலிருக்கிறது.

“‘அந்தப் புள்ள கையப் புடிச்சு ரெண்டு வார்த்த பேசோணும்’னு கூடச் சொன்னாருங்க. அன்னைக்கு இருந்த கூட்டத்துல சொல்ல உட்டுப்போச்சுங்க.”

நான் திரும்பி உள்ளே போய்விட்டேன். அவர் இளநீரை வாசல் திண்டில் வைத்துவிட்டுப் போனது காதில் விழுந்தது. என்னைப் பொறுத்தவரை என் அப்பா அன்றைக்குத்தான் பேசாமல் செத்தார். அவர் மன்னிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. துணி ரோல்மேல் சாய்ந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, ஒரு வார்த்தை இல்லாமல் போயிருக்கிறார். அந்த இல்லாத வார்த்தையின்மேல்தான் இத்தனை வருஷம் விளக்கு எரிந்தது.

என் மனைவி மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்க்கவில்லை.

“மாமா அப்படியா சொன்னாவ? என் கையைப் புடிச்சுப் பேசணும்னா?”

அவள் முகத்தைப் பார்த்தேன்.

“ஆமா. சொன்னாராம்” என்றேன்.

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. அப்பா என்னோடு பேசாமல் இருந்த மாதிரியே, எதிரில் வந்தால் பார்க்காமல் போனேன். அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஓரமாக நின்று என் முகத்தைப் பார்ப்பார்.

முதலில் சொன்னேனே, எழவு வீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் என்று. அவர்களில் என் மனைவியும் ஒருத்தி. அவர் வீட்டுப் பெண்களைவிட அவள்தான் அதிகம் அழுதாள். “அந்த அண்ணன் இல்லன்னா நான் எங்க வீட்டு வாசப்படியை மிதிச்சிருப்பேனா? எங்க மாமா கடைசியாச் சொன்னதை வந்து சொன்ன வாய்லா அது” என்று எல்லோரிடமும் சொன்னாள். சொல்லிவிட்டு, மங்கின கண்ணால் கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, “ஏங்க, நீங்க சொல்லுங்க” என்றாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.